எட்டாத அளவை எட்டியதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்

வாசகர் கடிதம்

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் மின்னியல் துறையில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் துறைக்குத் தரச்சான்றுக் குழு இன்னும் மூன்று மாதத்தில் வரவிருக்கிறது. சிக்னல்ஸ் பாடத்தின் நான்காவது பாட விளைவில் (பாடத்தை முடித்த மாணவரால் செய்ய முடிய வேண்டியவை என்று முன்பே வகுத்தவற்றில் நான்காவதில்), 60 மாணவர்களில் 22 பேர்தான் நிர்ணயித்த மதிப்பெண்ணைத் தாண்டியிருக்கிறார்கள். அதை அப்படியே பட்டியலில் எழுதிக்கொண்டு போனபோது, "எல்லாக் கட்டத்திலும் மூன்று வர வேண்டும், திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். விளைவை எட்டிய அளவைக் குறிக்கும் எண்களில் மூன்றுதான் உச்சம். நடக்காத கூட்டங்களுக்கு இரண்டு ஆண்டு மினிட்ஸ் தயாரிக்கும் வேலையும் இவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் வேலை செய்வதில்லை. மாணவர்கள் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதுகிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் பல வெளியே காசு கொடுத்து வாங்கப்பட்டவை. "இதெல்லாம் நிர்வாகம் செய்த வினை. நான் என் வகுப்பை ஒழுங்காக எடுக்கிறேன், பிள்ளைகள் பாவம் என்று இன்டர்னலில் எல்லோருக்கும் 20-க்கு 18-க்குக் குறையாமல் போடுகிறேன். நான் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தால் தரச்சான்று போய்விடும், அந்தப் பிள்ளைகளின் எதிர்காலமும் போய்விடும். போட்டால் மனசாட்சி விடாது. பெயர் போடாமல் புகார் அனுப்பட்டுமா, வேலையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார். வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருக்கிறார்கள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரான பதில். திருத்திய பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையையும் இப்போது விடாதீர்கள். பெயர் இல்லாத புகாரையும் இப்போது அனுப்பாதீர்கள். இந்த மூன்றையும் தவிர்த்துவிட்டு, மூன்று மாதத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பட்டியல், மினிட்ஸ், ஆய்வகம், புராஜெக்ட் என்று நீங்கள் எழுதிய நான்கும் ஒரே மூட்டையாக உங்களை அழுத்துகின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பட்டியலை நீங்களே உண்மையாகவும் வலுவாகவும் ஆக்கலாம். மினிட்ஸ் விஷயத்தில் பொய் சொல்லாமலே நிலைமையைச் சரிசெய்ய முடியும். ஆய்வகத்தில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. புராஜெக்ட்டுக்குத்தான் மற்றவர்களின் துணை கட்டாயம் வேண்டும்.

22 என்ற எண்ணோடு என்ன செய்வது

குறைந்த எண்ணைக் காட்டினால் தரச்சான்று போய்விடும் என்பது உங்கள் பயம். அந்த எண்ணத்தை முதலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் 1989-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. பின்னர் பல நாடுகள் சேர்ந்தன. அந்த வழியில் வளர்ந்த மதிப்பீட்டு முறைகள், எத்தனை மணி நேரம் பாடம் நடந்தது என்று எண்ணுவதோடு நிற்காமல், படித்து முடித்தவரால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்கத் தொடங்கின. அதோடு சேர்ந்து வந்ததுதான் தொடர் மேம்பாடு என்ற நிபந்தனை: அளந்து பார், குறையின் காரணத்தைக் கண்டுபிடி, எதையாவது மாற்று, மறுபடி அள. இந்தச் சுற்று நடக்கிறதா என்பதுதான் குழுவின் முக்கியமான கேள்வி. எல்லாக் கட்டத்திலும் மூன்று இருக்கும் துறைக்கு மேம்படுத்த எதுவும் மிச்சம் இல்லை. அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம்தான் வரும்.

கணக்கையும் பாருங்கள். 60 பேரில் 22 என்றால் சுமார் 37 சதவீதம். பல கல்லூரிகளில் இருப்பதுபோல 70 சதவீத மாணவர்கள் தாண்டினால்தான் மூன்று என்று உங்கள் துறையும் வைத்திருந்தால், 42 பேர் தாண்டியிருக்க வேண்டும். காகிதத்தில் 20 பேரை ஏற்ற வேண்டும். அவர்களின் விடைத்தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. குழு உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது என்று சில விடைத்தாள்களை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடலாம். மாணவர்களைத் தனியே உட்காரவைத்து அதே பகுதியில் இரண்டு கேள்வி கேட்கலாம். இறுதித் தேர்வு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எப்போதும் பிடிபடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடிபட்டால் ஒரு பாடத்தின் குறை என்பது மறைந்துபோய், மொத்தத் துறையின் நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளாகும். பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே 22 என்றே எழுதுங்கள். எழுதியதோடு நிறுத்தாமல் அது ஏன் 22 ஆனது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் அந்த நான்காவது விளைவுக்காகத் தேர்வில் கேட்ட கேள்வியைச் சோதியுங்கள். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் எடுங்கள். 60 பேர் வகுப்பில் அது 16, 16. அந்தக் கேள்விக்கு மேல் 16-ல் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ் 16-ல் எத்தனை பேர் என்று எண்ணி, வித்தியாசத்தை 16-ஆல் வகுங்கள். மேலே 12, கீழே 3 என்றால் 0.56 வரும். கேள்வி நன்றாகத்தான் பிரித்துக் காட்டியிருக்கிறது, சரிசெய்ய வேண்டியது கற்பித்தலை. மேலே 6, கீழே 5 என்றால் 0.06. நன்றாகப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே மாதிரி தடுமாறியிருக்கிறார்கள் என்பதால், கேள்வியின் வாசகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்மறை எண் வந்தால் விடைக் குறிப்பையே சரிபாருங்கள். பொதுவாக 0.3-க்கு மேல் இருந்தால் நல்ல கேள்வி, 0.2-க்குக் கீழே போனால் திருத்த வேண்டிய கேள்வி என்று கொள்வது வழக்கம்.

பிறகு தாண்டாத 38 பேரின் விடைத்தாள்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: கேள்வியைத் தொடாதவர்கள், தொடங்கும்போதே தவறான சமன்பாட்டைப் போட்டவர்கள், சரியாகத் தொடங்கிக் கணக்கில் வழுக்கியவர்கள். முதல் அடுக்கு பெரிதாக இருந்தால், அந்த அலகைப் பருவத்தின் கடைசி வாரத்தில் ஓட்டி முடித்திருப்பீர்கள். இரண்டாவது பெரிதென்றால் அடிப்படைக் கணிதத்தில் ஓட்டை இருக்கிறது. அதைக் கணிதத் துறையோடு பேசித்தான் அடைக்க முடியும். மூன்றாவது பெரிதென்றால் வாரம் ஒரு பத்து நிமிடப் பயிற்சித் தேர்வு போதும். இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதி, என்ன மாற்றப் போகிறீர்கள், எப்போது மறுபடி அளப்பீர்கள் என்று தேதியோடு குறித்துப் பட்டியலுடன் இணையுங்கள். அந்தப் பக்கம்தான் துறையின் மிக வலுவான ஆவணமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்த ஆண்டு 22 பேர் 27 பேர் ஆனால் "எங்கள் முயற்சி வென்றது" என்று எழுதிவிடாதீர்கள். 60 பேர் வகுப்பில் எட்டு சதவீதப் புள்ளி ஏற்ற இறக்கம், பேட்ச் மாறியதாலேயே வரக்கூடியது. இரண்டு மூன்று பேட்ச்சுகளில் தொடர்ந்து ஏறினால் அப்போது சொல்லலாம்.

நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ்

தாமதமாகப் பதிவது வேறு, இல்லாததை உண்டாக்குவது வேறு. இந்தக் கோட்டை மனதில் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

துறையில் முறையான கூட்டம் நடக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வினாத்தாள்களை யாரோ சரிபார்த்திருப்பார்கள். பாடத்திட்டம் பற்றி மின்னஞ்சல் போயிருக்கும். பழைய மாணவர் ஒருவர் வந்து, இந்த மென்பொருளைச் சொல்லிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். அந்தத் தடயங்களைத் தேடி எடுங்கள். அவற்றை வைத்து, "இன்ன பருவத்தில் இன்னின்னவர் இதைப் பற்றிப் பேசினோம், அப்போது பதியப்படவில்லை, கிடைத்த மின்னஞ்சல்களின் அடிப்படையில் இன்று பதியப்படுகிறது" என்று இன்றைய தேதியிட்டு எழுதலாம். இதில் யாரும் குற்றம் காண முடியாது. தடயமே இல்லாத காலத்துக்கு, முறையான கூட்டம் நடக்கவில்லை என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, இந்த மூன்று மாதத்தில் மாதம் ஒன்றாக மூன்று உண்மையான கூட்டங்களை நடத்துங்கள். குழுவின் கையில் இருபது போலி மினிட்ஸ் இருப்பதைவிட மூன்று உண்மையான மினிட்ஸ் இருப்பது மேல்.

பழைய தேதியிட்டுத் தயாரித்தவை வெளிப்படும் விதங்கள் மிகச் சாதாரணமானவை. அன்று விடுப்பில் இருந்தவரின் கையெழுத்து இருக்கும். அடுத்த ஆண்டு வேலையில் சேர்ந்தவர் முந்தைய ஆண்டுக் கூட்டத்தில் கலந்துகொண்டிருப்பார். இரண்டு ஆண்டுக் கோப்புகளும் ஒரே வாரத்தில் உருவாக்கப்பட்டதைக் கணினி காட்டிக்கொடுக்கும். அப்போது தயாரித்தவர் யார் என்று கேட்டால் உங்கள் பெயர்தான் வரும்.

ஆய்வகம்: பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது

மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஏன் எழுதுகிறார்கள் என்பதை ஒரு சோதனையை வைத்தே பார்ப்போம். 10 கிலோஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் கால மாறிலி (மின்தேக்கி எவ்வளவு வேகமாக மின்னேற்றம் பெறுகிறது என்பதைக் காட்டும் அளவு) கணக்குப்படி ஒரு விநாடி. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். மின்தடையிலும் ஐந்து சதவீதம் வரலாம். ஒழுங்காக அளக்கும் மாணவிக்கு 1.17 விநாடி வரலாம். அவள் அதை எழுதினால், "தியரியோடு ஒத்துவரவில்லை" என்று இரண்டு மதிப்பெண் போகும். அளக்காமல் 1.00 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். இதை நான்கு ஆண்டுகள், எல்லா ஆய்வகங்களிலும் செய்கிறோம். உண்மையான அளவை எழுதினால் நஷ்டம் என்பதை மாணவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். நாளை ஒரு பாலத்தின் சுமை அளவையோ மருத்துவக் கருவியின் சோதனை அறிக்கையையோ எழுதப்போகும் கைகள் இவை. எனக்கு இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவலை.

மதிப்பெண் முறையை மாற்றுவது பெரும்பாலும் உங்கள் கைக்குள் இருக்கிறது. பத்து மதிப்பெண் என்றால், தயாரிப்புக்கு 2, அளவுகளை அங்கேயே பேனாவால் பதிந்ததற்கு 3, வந்த வேறுபாட்டை விளக்கியதற்கு 4, சுத்தமாக எழுதியதற்கு 1 என்று வையுங்கள். விடை தியரியோடு பொருந்தியதற்கு என்று தனி மதிப்பெண் வேண்டாம். ஆப்சர்வேஷன் நோட்டு தைத்த நோட்டாக இருக்கட்டும். தவறினால் ஒரே கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள், அழிக்க வேண்டாம். வகுப்பு முடியும் முன் ஒவ்வொரு நோட்டிலும் நீங்கள் சுருக்கொப்பம் இடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு மின்தடை மதிப்பைக் கொடுத்துவிட்டால் சீனியர் நோட்டுக்கு வேலை இல்லாமல் போகும். இருபது நோட்டில் 1 கிலோஓம் மின்தடை சரியாக 1000 ஓம் என்றே இருந்தால், ஒருவரும் அளக்கவில்லை என்று பொருள்.

கருவிகளைப் பற்றி. 12 குழுக்கள், வேலை செய்யும் ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) நான்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுழற்சியாக ஓட்டலாம்: நான்கு குழு அளக்கும், நான்கு குழு கணினியில் சிமுலேஷன் செய்யும், நான்கு குழு பிரெட்போர்டில் சுற்றை அமைக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதோடு கூடவே பழுதுப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். "ஆறு கருவி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எது புரோப் போனது, எது ஃபியூஸ் போனது, எது அளவீட்டுச் சரிபார்ப்புக்குப் போக வேண்டியது, எது இனி உதவாதது என்று பிரித்து எழுதுங்கள். சில்லறைச் செலவில் உயிர் பெறக்கூடியவை அந்தப் பட்டியலில் சில நிச்சயம் இருக்கும். தேதியிட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அந்தத் தாள் அவர் மேசைக்குப் போனபிறகு, அதற்கான பொறுப்பும் அங்கே போய்ச் சேர்கிறது.

18 மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆக மாட்டேன். எல்லோருக்கும் 20-க்கு 18 போடுவது இரக்கத்தால் வந்தது என்பது புரிகிறது. ஆனால் அதுவும் எட்டாத அளவை எட்டியதாக எழுதுவதுதான். தான் எங்கே பலவீனம் என்று தெரியாமலே ஒரு மாணவன் இறுதித் தேர்வுக்குப் போகிறான். உழைத்தவளும் உழைக்காதவனும் ஒரே எண்ணில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் இன்டர்னல் 90 சதவீதம் என்பதும், விளைவை எட்டியவர்கள் 37 சதவீதம் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது அந்த இடைவெளி உங்களை நோக்கித்தான் திரும்பும்.

கொடுத்துவிட்ட மதிப்பெண்ணை இப்போது குறைக்காதீர்கள். அது மாணவர்களுக்கு அநீதி. அடுத்த தேர்விலிருந்து எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே எழுதிக் கொடுங்கள், விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள், குறைந்தவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பாக ஒரு மறுதேர்வு வையுங்கள். இரக்கம் காட்ட அதுவே நல்ல இடம்.

பொறுப்பு பலருடையது என்றால்

"நிர்வாகம் செய்த வினை" என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகத்தின் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பலர் சேர்ந்து செய்யும் வேலையில் பொறுப்பு எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு நம் துறையிலேயே ஒரு கொடிய எடுத்துக்காட்டு இருக்கிறது.

1981 ஜூலையில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடி நடைபாதையும் அதன் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதல் வடிவமைப்பு இருந்தது. கம்பிகளைத் தயாரித்தவர்கள் வசதிக்காக அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கியது. அதனால் மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. வரைபடத்தில் பொறியாளர் நிறுவனத்தின் முத்திரை விழுந்தது. அந்த இணைப்பை மட்டும் யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. தயாரித்தவர், பொறியாளர் பார்த்திருப்பார் என்று இருந்தார். பொறியாளர் தரப்போ, இணைப்பின் வடிவமைப்பு தயாரிப்பவரின் வேலை என்று வாதிட்டது. விசாரணையின் முடிவில் முத்திரையிட்ட பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய சுமையில் சுமார் 60 சதவீதத்தைத்தான் தாங்கியிருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் துறையிலும் இதே வடிவம்தான். ஆசிரியர், துறைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்கிறார். அவர், நிர்வாகம் கேட்கிறது என்கிறார். நிர்வாகத்துக்குக் குழு கேட்கிறது, குழுவுக்குக் கையெழுத்து இருக்கிறது. மாணவர் மதிப்பெண்ணைப் பார்க்கிறார். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பட்டத்தைப் பார்க்கிறது. பங்கிட்டதால் யாருடைய பங்கும் குறைந்துவிடுவதில்லை. உங்கள் பெயர் இருக்கும் தாளுக்கு நீங்கள் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். அதே நேரம், உங்கள் பெயர் இல்லாத இடங்களையெல்லாம் தூக்கிச் சுமக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. இந்த இரண்டாவது பாதி உங்களுக்கு நிம்மதியைத் தர வேண்டும்.

வாங்கிய புராஜெக்ட்டுகள்

இதை ஒரு ஆசிரியர் தனியாக நிறுத்த முடியாது. நீங்கள் மட்டும் கெடுபிடி செய்தால் மாணவர்கள் வேறு வழிகாட்டியிடம் போய்விடுவார்கள். துறை முழுவதும் ஒரே விதி வேண்டும். இரண்டு மூன்று சகாக்களோடு சேர்ந்து கீழ்க்கண்டதை முன்வையுங்கள்.

தொடக்கத்தில் ஒரு பக்கச் சிக்கல் விளக்கமும் குறைந்தது மூன்று மாற்று வடிவமைப்புகளும், அவற்றில் ஒன்றை ஏன் தேர்ந்தார்கள் என்ற காரணமும் வேண்டும். வாங்கிய புராஜெக்ட்டில் கைவிட்ட வழிகளே இருக்காது. வாரக் குறிப்பேட்டில் தோல்விகளையும் எழுதச் சொல்லி, அவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள். இடைமதிப்பாய்வில் ஒரு தேவையை மாற்றிச் சொல்லுங்கள்: மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் என்றால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? அல்லது ஒரு சென்சாரைக் கழற்றிவிட்டு, இப்போது என்ன வெளியீடு வரும் என்று கேளுங்கள். செய்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. வாங்கியவருக்கு வாய் திறக்காது.

குழு மதிப்பெண்ணைத் தனிநபருக்குப் பிரிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றவர்களை ஐந்துக்கு மதிப்பிடட்டும். ஒருவர் பெற்ற சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, அதைக் குழு மதிப்பெண்ணோடு பெருக்குங்கள். குழு 80, அவருடைய சராசரி 3.5, குழுச் சராசரி 4.2 என்றால் அவருக்கு 67. பெருக்கும் எண் 1.05-ஐத் தாண்டாமல் வரம்பு வையுங்கள். இல்லையென்றால் நண்பர்கள் கூடி ஒருவரை உயர்த்திவிடுவார்கள். யாரையாவது மூவர் சேர்ந்து ஒதுக்குவதாகத் தெரிந்தால் எண்ணை அப்படியே எடுக்காமல் கூப்பிட்டுப் பேசுங்கள்.

துறைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது

"போட மாட்டேன்" என்று தொடங்காதீர்கள். அவருக்கும் மேலிருந்து அழுத்தம் இருக்கிறது. கையில் மாற்று ஆவணத்தோடு போங்கள். "சார், இந்த எண்களுக்கு விடைத்தாளில் ஆதாரம் இல்லை. குழு எடுத்துப் பார்த்தால் துறைக்குத்தான் பிரச்சினை வரும். நான் கணக்கிட்ட எண்களோடு, காரணமும் நடவடிக்கையும் எழுதிய பக்கத்தையும் சேர்த்துத் தருகிறேன். அதில் கையெழுத்துப் போடுகிறேன், சார்" என்று சொல்லுங்கள். அன்று மாலையே, பேசியதை நான்கு வரியில், குற்றச்சாட்டுத் தொனி இல்லாமல், கல்லூரி மின்னஞ்சலில் அவருக்கு எழுதுங்கள். அவர் ஏற்கவில்லை என்றால் கல்லூரியின் தர மேம்பாட்டுக் குழு, பிறகு முதல்வர் என்று படிப்படியாகப் போங்கள்.

சில விஷயங்களில் கவனம் தேவை. மாணவர் மதிப்பெண் பட்டியல்களையோ விடைத்தாள் நகல்களையோ வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதுவே உங்கள் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பலாம். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்ற உங்கள் சொந்தக் குறிப்பு போதும். ரகசியமாக ஒலிப்பதிவு செய்வது சில இடங்களில் சட்டப்படி சிக்கல், கேட்காமல் இறங்க வேண்டாம். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

"மேலிடம் சொன்னதால் போட்டேன்" என்ற வாதம், கையெழுத்துப் போட்டவரை முழுவதும் காப்பாற்றுவது அரிது. பெயரில்லாத புகாரிலும் இரண்டு தொல்லைகள் உண்டு. விவரம் குறைவாக எழுதினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விவரமாக எழுதினால் எழுதியவர் யார் என்று துறையில் அரை நாளில் தெரிந்துவிடும். உள்வழிகள் எல்லாம் மூடிய பிறகு, பெயரோடு, தேதிவாரியான ஆவணங்களோடு தரச்சான்று அமைப்புக்கு எழுதுவதுதான் பயன் தரும். அதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நியமன ஆணை, பணி விதிகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உங்கள் அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் இருந்தால் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

வேலையை விடுவது பற்றி. நீங்கள் மறுத்த தாளில் வேறு யாராவது உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டாலோ, மறுத்ததற்காகச் சம்பளத்தை நிறுத்தினாலோ, அங்கே தொடர்வதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது. முதலாவது நடந்தால் தெரிந்த அன்றே, "இந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல" என்று முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். தள்ளிப்போட்டால் நீங்களும் ஒப்புக்கொண்டதாக வாதிடக்கூடும். அதுவரை, வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதை அமைதியாகத் தொடங்கி வையுங்கள். முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் அடுத்த ஆணை வந்தபிறகு விலகுங்கள். விலகும்போது கோர்ஸ் ஃபைல் (பாடத்தின் ஆவணங்கள் அடங்கிய கோப்பு), பழுதுப் பட்டியல், அந்த 38 விடைத்தாள் ஆய்வுப் பக்கம் மூன்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து அந்தப் பாடத்தை எடுப்பவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.